பட்டம் விட்டவரும் எங்க வீட்டு எர்த் பைப்பும்



பெஞ்சமின் பிராங்க்ளின் என்று சொன்னவுடன் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரு பட்டம், ஒரு சாவி, ஒரு மின்னல். நானும் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன். அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் பட்டம் அல்ல. எங்க வீட்டு கிரைண்டர்!

எனக்குச் சொந்த ஊர் கொடும்பாளூர். திருச்சியிலிருந்து மதுரை போகிற நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் வரும். மூவர் கோயில் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து போவார்கள். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னர் தமக்கும் தம் தேவியர் இருவருக்குமாகக் கட்டிய மூன்று கோயில்களில் இன்று நிற்பது இரண்டுதான். கல்லுக்குப் பஞ்சமில்லாத பூமி. கோயில் கட்ட நல்லது. எர்த் குழி தோண்டத்தான் ஆகாது.

நாங்கள் தளம் போட்டு வீடு கட்டியபோது எர்த் குழி தோண்டினார்கள். மூன்று அடிக்குள் கடப்பாரை டங் என்றது. பாறை! வயரிங் செய்ய வந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பைப்பை ஹேக்சாவால் அறுத்தார். இரண்டரை அடித் துண்டை ஊன்றி, சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, மேலே சிமெண்ட் பூசி, கம்பியை முறுக்கிவிட்டுப் போய்விட்டார். வெளியே இருந்து பார்த்தால் பிரமாதமான எர்த். அதற்கப்புறம் மழைக்காலம் வந்தால் அம்மா கிரைண்டரைத் தொட்டவுடன் சுர்ரென்று இழுக்கும். அம்மா ஒரு பழைய பலகையைக் காலடியில் போட்டு, அதன் மேல் நின்றுதான் மாவாட்டுவார்கள். எங்க தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே பலகை வைத்தியம் உண்டு. வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன், அதுவும் எலக்ட்ரிகல் படிக்கிறவன், என்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் 250 வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரிண்டிங் பிரஸ்காரரிடம் வந்து சேர்ந்தேன்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஊர். அப்பா ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்பவர். அவருக்குப் பிள்ளைகள் மொத்தம் 17 பேர். அதில் நம்மவர் 15-ஆவது, ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி. அவரைப் பாதிரியாராக்கிப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பள்ளிக்கூடத்திலும் சேர்த்தார். ஆனால் அத்தனை வயிறு இருக்கிற வீட்டில் அந்தப் படிப்புச் செலவு கட்டுபடியாகவில்லை. இரண்டு பள்ளிகளில் இரண்டே வருஷம் படித்தார். பத்து வயதில் படிப்பு நின்றது. பையன் அப்பாவோடு உட்கார்ந்து திரி வெட்டினான், கொழுப்புக் காய்ச்சினான். அந்த வேலை அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு நாம் போகிற அப்ரண்டிஸ் மாதிரி நினைத்துவிடாதீர்கள். 21 வயது வரைக்கும் எங்கும் போகக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அண்ணன் முதலாளி, தம்பி வேலைக்காரன். அடியும் விழுந்தது. ஆனால் அச்சுக்கூடத்தில் புத்தகம் கிடைத்தது. புத்தகக் கடைப் பையன்களைச் சிநேகம் பிடித்து, சாயங்காலம் வாங்கிய புத்தகத்தை ராத்திரி முழுக்கப் படித்துக் காலையில் கடை திறப்பதற்குள் திருப்பிக் கொடுப்பாராம். 16 வயதில் ஒரு விதவை எழுதுவது போல வேறு பெயரில் கட்டுரை எழுதி, ராத்திரியோடு ராத்திரியாக அச்சுக்கூடக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். அண்ணனுக்கு யாரென்று தெரியாது. எடுத்துப் பத்திரிகையில் போட்டார். ஊரே ரசித்தது. எழுதியது தம்பி என்று தெரிந்ததும் அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது.

1723-இல் அண்ணனோடு ஒத்துப்போகாமல் 17 வயதில் ஊரை விட்டு ஓடினார். பிலடெல்பியா நகரில் போய் இறங்கியபோது உடம்பெல்லாம் அழுக்கு, சட்டைப் பையில் சில்லறைக் காசு. ரொட்டிக் கடையில் காசுக்கு மூன்று பெரிய ரொட்டி கொடுத்தார்கள். இரண்டை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு ஒன்றைத் தின்றபடியே தெருவில் நடந்தார். அதை வாசலில் நின்று பார்த்துச் சிரித்த பெண் டெபோரா ரீட். பின்னாளில் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். தின்றது போக மிச்சமிருந்த இரண்டு ரொட்டியையும் தன்னோடு படகில் வந்த ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டாராம். பசி தெரிந்தவனுக்குத்தான் அது வரும் என்பது என் எண்ணம்.

அந்த ஊர் கவர்னர், பையன் கெட்டிக்காரன் என்று பார்த்து, லண்டன் போய் அச்சு இயந்திரம் வாங்கி வா, சிபாரிசுக் கடிதமும் பணத்துக்கு உத்தரவாதமும் தருகிறேன் என்று ஆசை காட்டினார். நம்பிக் கப்பல் ஏறினார். லண்டன் வந்து கடிதப் பையைப் பிரித்துப் பார்த்தால் அவர் பேருக்கு ஒரு கடிதமும் இல்லை! 18 வயது, தெரியாத தேசம். அங்கேயே அச்சுக்கூடத்தில் வேலை பார்த்துப் பிழைத்து 1726-இல் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். கடன் கழுத்தை நெரித்தபோது இரண்டு நண்பர்கள் கைகொடுத்தார்கள் (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்). 1729-இல் பத்திரிகை, 1731-இல் சந்தா கட்டிப் படிக்கிற நூலகம், 1732 முதல் நம்ம ஊர்ப் பஞ்சாங்கம் மாதிரி வருஷாவருஷம் ஒரு பஞ்சாங்கம், 1736-இல் தீயணைப்புச் சங்கம். அதே 1736-இல் நாலு வயது மகன் பிரான்சிஸை அம்மை கொண்டுபோனது. அந்தக் காலத்து அம்மை குத்தலைப் பையனுக்குச் செய்யாமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. 1748-இல் 42 வயதில் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மின்சாரத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

அப்போது மின்சாரம் என்பது வேடிக்கை வித்தை. கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்த்தால் பொறி வரும், முடி நட்டுக்கொள்ளும். லண்டனிலிருந்த பீட்டர் காலின்சன் என்ற வணிகர் பிலடெல்பியா நூலகத்துக்கு அப்படி ஒரு குழாயை அனுப்பி வைத்தார். அதை வைத்துத்தான் ஆரம்பம். நாம் லேபில் தினமும் சொல்கிற பாசிட்டிவ், நெகட்டிவ், சார்ஜ், பேட்டரி என்ற வார்த்தைகளை மின்சாரத்தில் இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த இரண்டாம் வகுப்போடு நின்ற மனிதர்தான்!

அவருடைய ஒரு சோதனையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேரை மெழுகுக் கட்டி மேல் நிற்க வைப்பார். ஒருவர் குழாயைத் தேய்ப்பார், மற்றவர் அதிலிருந்து பொறி வாங்குவார். கீழே மெழுகு இருப்பதால் மின்சாரம் தரைக்கு இறங்க முடியாது, உடம்பிலேயே நிற்கும். பிறகு தரையில் நிற்கிற மூன்றாம் ஆள் விரலை நீட்டினால் இரண்டு பேரிடமிருந்தும் பொறி பறக்கும். எங்க அம்மாவும் பலகையும் அப்படியே கண்முன் வந்தது. பலகை அம்மாவைக் காப்பாற்றுகிறது, சரி. கிரைண்டரின் உடம்பில் இருக்கிற மின்சாரம் எங்கே போகும்? எங்கும் போகாது. அடுத்து வெறுங்காலோடு வருகிற ஆளுக்காகக் காத்திருக்கும். அந்த ஆள் என் தங்கச்சியாகவும் இருக்கலாம்.

பிராங்க்ளினுக்கும் அடி விழாமல் இல்லை. 1750 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், இரண்டு பெரிய லெய்டன் ஜாடிகளில் மின்சாரம் ஏற்றி ஒரு வான்கோழியைக் கொல்லப் போனார். பேச்சு சுவாரஸ்யத்தில் கை தவறி ஜாடி மொத்தமும் அவர் உடம்பு வழியாக இறங்கியது. சுயநினைவு தப்பியது. கையும் கழுத்தும் மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தன. அதை மறைக்காமல் எழுதி வைத்தார், மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று.

மின்னலும் இதே மின்சாரம்தான், ஆகவே கூர்மையான கம்பியை உயரத்தில் நட்டால் அதைப் பிடிக்கலாம் என்று அவர் எழுதியது 1751-இல் லண்டனில் புத்தகமாக வந்தது. பிரெஞ்சில் மொழிபெயர்த்த தாலிபார் என்பவர் 1752 மே 10-ஆம் தேதி பாரீசுக்குப் பக்கத்தில் மார்லி என்ற ஊரில் 40 அடிக் கம்பியை நட்டு நிரூபித்துவிட்டார். அந்தச் செய்தி அமெரிக்கா வந்து சேருவதற்குள் ஜூன் மாதம் பிராங்க்ளின் தம் மகன் வில்லியத்தோடு பட்டம் விட்டார் என்பது வரலாறு. பட்டத்தின் மேல் இடி விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். மேகத்தில் இருந்த மின்னேற்றம் நனைந்த நூல் வழியாக இறங்கிச் சாவியில் பொறி காட்டியது. கையில் பிடித்திருந்தது நனையாத பட்டுத்துணி.

பட்டத்தை எல்லோரும் படம் போடுகிறார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அவர் செய்ததை யாரும் படம் போடவில்லை. தம் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே 9 அடி உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி வைத்தார். அது கூரையைத் துளைத்து, மாடிப்படிப் பக்கமாகக் கீழே இறங்கிக் கடைசியில் வீட்டுத் தண்ணீர் பம்பின் இரும்புத் தண்டில் போய்ச் சேர்ந்தது. நண்பர்களே, இதுதான் எர்த் எலக்ட்ரோடு! தண்ணீர் வரை போகிற இரும்பைவிட நல்ல எர்த் வேறென்ன வேண்டும்? நடுவில் ஒரு விளையாட்டும் செய்தார். படுக்கையறை வாசலுக்கு எதிரே கம்பியை ஆறு அங்குலம் வெட்டிவிட்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு மணி கட்டி, நடுவே பட்டு நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டார். மேகம் மின்னேறி வந்தால் குண்டு ஆடி மணி அடிக்கும். இவருக்குச் சந்தோஷம், டெபோராவுக்கு நடுக்கம். பின்னால் அவர் லண்டனில் இருந்தபோது அந்த அம்மாள் இது பற்றிக் கடிதம் எழுத, இரண்டு மணியையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டிவிடு, சத்தமில்லாமல் இறங்கிவிடும் என்று 1758-இல் பதில் போட்டார். நாம் எர்த் கன்டினியூட்டி டெஸ்ட் என்று செய்கிறோமே, அந்த விஷயம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி கடிதத்தில்!

1753-ஆம் வருஷப் பஞ்சாங்கத்தில், வீட்டை இடியிலிருந்து காப்பது எப்படி என்று செய்முறையை ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தார். கம்பியின் ஒரு முனை ஈர மண்ணில் மூன்று நாலு அடி இருக்க வேண்டும், மறுமுனை வீட்டின் உச்சிக்கு மேல் ஆறு எட்டு அடி நிற்க வேண்டும். காப்புரிமை வாங்கவில்லை. காசு கேட்கவில்லை.

அதே 1753 ஆகஸ்டில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மான் என்ற பேராசிரியர் இறந்தார். அவரும் கூரையிலிருந்து அறைக்குள் கம்பி கொண்டுவந்திருந்தார். மின்சாரத்தை அளக்க வேண்டும் என்பதற்காக அடி முனையை மண்ணோடு சேர்க்காமல் தனியாக விட்டிருந்தார். மின்னல் வந்தது. போக வழி இல்லை. கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நெற்றியில் பாய்ந்து கால் வழியாக இறங்கியது. மேலே இருக்கிற முனையைப் பற்றி உலகமே பேசியது. கீழே இருக்கிற முனை இல்லாததால் ஒரு மனிதர் போய்விட்டார்.

எதிர்ப்பும் வந்தது. 1755 நவம்பரில் பாஸ்டனில் பூமி அதிர்ந்தபோது, ஊரில் இத்தனை இடிதாங்கி நட்டு மின்சாரத்தை எல்லாம் மண்ணுக்குள் தள்ளினால் பூமி அதிராமல் என்ன செய்யும் என்று ஒரு பாதிரியார் எழுதினார். சிரிக்காதீர்கள். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றினால் மீட்டர் ஓடும், பில் ஏறும் என்று சொல்கிறவர்கள் எங்க ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எனக்கு பிராங்க்ளினிடம் பிடித்தது, தான் சொன்னதோடு நிற்காமல் அடிபட்ட வீடுகளை விசாரித்துத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டதுதான். பிலடெல்பியாவில் வெஸ்ட் என்ற வணிகர் வீட்டு இடிதாங்கியில் மின்னல் இறங்கியது. வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் உச்சியில் இருந்த பித்தளை முனை உருகியிருந்தது. நனைந்த தரையில் கம்பியின் அடியிலிருந்து இரண்டு மூன்று கஜ தூரம் வெளிச்சம் பரவியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நண்பர் கின்னர்ஸ்லி 1761-இல் இதை லண்டனுக்கு எழுதினார். மண் அவ்வளவையும் உடனே விழுங்கவில்லை என்றுதானே அர்த்தம்? 1767-இல் பிராங்க்ளின் எழுதிய குறிப்பில் அடி முனைக்கு முன்பைவிட மரியாதை கூடியிருக்கிறது. ஈரம் தட்டும் ஆழம் வரை போக வேண்டும். மண்ணுக்குள் போனதும் சுவரை விட்டு ஆறு எட்டு அடி படுக்கையாக விலகி, பிறகு மறுபடியும் மூன்று நாலு அடி கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் அஸ்திவாரக் கல் தப்பும் என்கிறார். நம்ம இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043-ஐ எடுத்துப் பாருங்கள். எர்த் எலக்ட்ரோடு கட்டிடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கும். இருநூறு வருஷம் கழித்தும் அதே பேச்சு!

இனி பாறைக் கதைக்கு வருகிறேன். 1769-இல் இத்தாலியில் பிரெஸ்சியா நகரத்தில் வெடிமருந்து வைத்திருந்த இடத்தில் இடி விழுந்து ஊரே சிதறியது. ஆங்கில அரசுக்குப் பயம் வந்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில் பர்ஃப்ளீட் என்ற இடத்தில் அவர்களுடைய வெடிமருந்துக் கிடங்குகள் இருந்தன. 1772-இல் ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டது. பிராங்க்ளினும் அதில் ஒருவர், கேவண்டிஷ் இன்னொருவர். அந்த இடம் முழுக்க சுண்ணாம்புப் பாறை. காய்ந்த பாறையில் நாலடி கம்பி ஊன்றி என்ன பிரயோஜனம்? அவர்கள் பைப்பை அறுக்கவில்லை. ஒவ்வொரு கிடங்குக்கும் இரண்டு பக்கத்திலும் பாறையைத் துளைத்துக் கிணறு வெட்டச் சொன்னார்கள், நாலடி தண்ணீர் எப்போதும் நிற்கிற ஆழத்துக்கு. அந்தத் தண்ணீரின் அடியிலிருந்து ஈயக் குழாய் மேலே வந்து, ஒன்றரை அங்குல இரும்புக் கம்பியோடு சேர்ந்து, கூரைக்கு மேலே பத்தடி நிற்க வேண்டும். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு எங்க வீட்டுக் குழியில் என்ன தப்பு என்று புரிந்தது. இடம் பாறை என்றால் இடத்துக்குத் தகுந்தபடி எலக்ட்ரோடு மாற வேண்டும்; எலக்ட்ரோடைக் குறைப்பது வேலை அல்ல.

கணக்கைப் பாருங்கள். எங்க துறை ஆசிரியரிடம் கேட்டு எர்த் மெக்கர் வாங்கிப் போய் அளந்தேன். இரண்டு ஸ்பைக்கை நடுவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. 310 ஓம்! எங்க வீட்டுக்கு வெளியிலிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டும். எர்த் நம்ம குழிதான். கிரைண்டர் மோட்டாரில் ஈரம் ஏறி 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் 310 ஓமில் 31 வோல்ட் உடம்பில் நிற்கும். அதுதான் அந்தச் சுர்ர். நாளைக்கு ஃபேஸ் ஒயரே பாடியைத் தொட்டுவிட்டால்? 230-ஐ 310-ஆல் வகுத்தால் முக்கால் ஆம்பியர்கூட இல்லை. எந்த ஃபியூஸும் போகாது. கிரைண்டர் முழு வோல்டேஜோடு சாதுவாக நின்றுகொண்டிருக்கும்.

ஐ.எஸ். 3043 பைப் எலக்ட்ரோடுக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் கேட்கிறது. அதற்குள் பாறை வந்தால் பைப்பைச் சாய்த்து இறக்கலாம். ஆனால் செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது, நீளமும் குறையக்கூடாது. நானும் அப்பாவும் குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போய்ச் சேருகிற தென்னை மரத்துப் பக்கம் தோண்டினோம். கல் உடைத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார் அப்பா. முதல் பைப் நேராக இறங்கியது. ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளித் தோண்டிய இரண்டாவது பாதியில் முட்டியது, சாய்த்து இறக்கினோம். கிட்டே கிட்டே நட்டால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்கு போடும், அதனால்தான் அந்தத் தூரம். இரண்டையும் இணைத்து அளந்தால் 38 ஓம். நான் ஒன்று இரண்டு ஓம் எதிர்பார்த்தேன், ஏமாற்றம்தான். 38 ஓமில் 6 ஆம்பியர் போகும், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கும் அசையாது. ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வாங்கி மாட்டினோம். எர்த் சரியில்லாமல் ஆர்.சி.சி.பி.யை மட்டும் மாட்டினால், ஒரு ஆள் தொட்ட பிறகுதான் அது விழும். இரண்டும் இருந்தால் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். மாட்டிய அன்றே விழுந்தது. கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய் வைண்டிங் பார்த்தோம்.

கதைக்குத் திரும்புவோம். பர்ஃப்ளீட் குழுவில் வில்சன் என்ற ஓவியர் மட்டும் கூர் முனை கூடாது, மழுங்கிய முனைதான் வேண்டும் என்று தகராறு செய்தார். 1777-இல் பர்ஃப்ளீட்டில் ஒரு கட்டிடத்தில் மின்னல் அடித்துச் சில செங்கல் பெயர்ந்தது. அதற்குள் அமெரிக்கா சுதந்திரம் கேட்டுப் போரில் இறங்கிவிட்டது, பிராங்க்ளின் எதிரி ஆகிவிட்டார். எதிரியின் கூர் முனை ராஜாவுக்கு எப்படிப் பிடிக்கும்? மூன்றாம் ஜார்ஜ் தம் கட்டிடங்களில் முனையை மாற்றச் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், 2000-ஆம் ஆண்டு வெளியான, நியூ மெக்சிகோ மலையுச்சியில் பல வருஷம் செய்த சோதனையில், சற்று மழுங்கிய முனைதான் மின்னலை நன்றாக வாங்குகிறது என்று தெரிந்தது. ராஜா கோபத்தில் சொன்னதில் கொஞ்சம் சரியும் இருந்திருக்கிறது! கீழ் முனையைப் பற்றி மட்டும் அப்போதும் இப்போதும் யாருக்கும் சண்டை இல்லை.

அரசியல் வாழ்க்கையை நான் விரிவாக எழுதப் போவதில்லை, வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து, 1778-இல் பிரான்சோடு ஒப்பந்தம், 1783-இல் சமாதான உடன்படிக்கை, 1787-இல் அரசியல் சட்டம். வீட்டில் அவ்வளவு வெற்றி இல்லை. லண்டனிலேயே பத்து வருஷம் தங்கிவிட்டார். டெபோரா அவரைத் திரும்பப் பார்க்காமலே 1774-இல் இறந்தார். பட்டம் விடும்போது கூட நின்ற மகன் வில்லியம் ஆங்கில அரசர் பக்கம் போனார். அப்பாவும் மகனும் கடைசி வரை ஒட்டவில்லை. அடிமைகளை வைத்திருந்தவர் என்ற கறையும் அவர் மேல் உண்டு. வயதான பிறகு மனம் மாறி, அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790-இல் இறப்பதற்குச் சில வாரம் முன்பு அதற்காக அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மனுவும் அனுப்பினார். அவர் மறைந்தது 1790 ஏப்ரல் 17. வயது 84.

உயிலில்தான் நமக்கு ஒரு சங்கதி இருக்கிறது. தமக்கு வாலிபத்தில் கடன் கொடுத்துக் காப்பாற்றிய அந்த இரண்டு நண்பர்களை மறக்கவில்லை. பிறந்த ஊரான பாஸ்டனுக்கு 1000 பவுன், வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கு 1000 பவுன் எழுதி வைத்தார். தர்மம் பண்ண அல்ல. அப்ரண்டிஸ் முடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிற இளைஞர்களுக்கு 5 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்க. பத்து வருஷத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். வயது 25-க்குள் இருக்க வேண்டும், ஜாமீன் இரண்டு பேர் வேண்டும், கல்யாணமும் ஆகியிருக்க வேண்டும். (நம்ம கிளாஸில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது.) 200 வருஷம் வரைக்கும் பணம் எப்படிப் பெருக வேண்டும், பாதியில் எதை எடுத்து ஊருக்குச் செலவு செய்யலாம் என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நூறு வருஷம் முடிந்தபோது பாஸ்டன் அந்தப் பணத்தில் ஒரு தொழிற்கல்விக் கூடம் கட்ட முடிவு செய்தது. ஆண்ட்ரூ கார்னெகி அதற்கு ஈடாகத் தம் பணத்தைப் போட்டார். 1908-இல் திறந்தார்கள். நம்ம பாலிடெக்னிக் மாதிரி கைவேலையும் படிப்பும் சேர்ந்த இடம், இன்றைக்கும் அவர் பெயரிலேயே நடக்கிறது. 1990-இல் 200 வருஷக் கணக்கை முடித்தபோது பாஸ்டன் பங்கில் மட்டும் 45 லட்சம் டாலருக்குக் குறையாமல் இருந்தது. பிலடெல்பியாவில் அதில் பாதிகூடத் தேறவில்லை.